பெற்றரியைக் கழற்ற வேண்டாம்

சாள்ஸின் வெள்ளைக் கார் எழும்ப மறுத்தபோது மாம்புரியில் அதற்கு மருந்து சொல்லாத ஆள் இல்லை. பெற்றரியில் தண்ணீர் வற்றியிருக்கும் என்றார் ஒருவர். திறந்து பார்த்தார்கள், வற்றவில்லை. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார் இன்னொருவர். கழுவினார்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்ல, அதையும் இறுக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து தென்னைகளுக்கு நடுவால் தள்ளினால் கார் இருமிக்கொண்டு உயிர் பெறும். ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பி வந்து நல்ல பிள்ளையாய் நிற்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

வேறு காலமாயிருந்தால் சாள்ஸ் இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். தள்ளி ஓட்டுகிற வாகனங்கள் அந்தக் கரையில் எத்தனையோ. ஆனால் இப்போது வீட்டில் மகள் மதுசா நிறைமாதமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. இரண்டும் கைக்கு வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்ட நாளில், வருகிறேன் என்ற வாகனம் வந்து சேரப் பிந்திவிட்டது. புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் துக்கம் ஆறும் முன்னரே சாள்ஸ் தோட்டத்தில் ஒரு துண்டை விற்றுவிட்டு இந்தக் காரை வாங்கினார். இனிமேல் வாகனத்துக்காக யார் வாசலையும் பார்த்து நிற்பதில்லை என்பது அவருடைய வைராக்கியம்.

வாங்கிய காரைச் சும்மா வைத்திருக்கவில்லை. தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கி நாள் முழுக்க ஓட்டினார். மகள் பிள்ளைப்பேற்றுக்கென்று தாய்வீட்டுக்கு வந்த நாளோடு ஹயரை நிறுத்தினார். காரின் மூக்கை வீதிப் பக்கம் திருப்பி, கழுவித் துடைத்து, எந்நேரமும் தயாராக நிறுத்தி வைத்தார். வலி கண்டவுடன் கொண்டு வாருங்கள், ஒரு கொஞ்சமும் பிந்தக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கார் அந்தக் குணத்தைக் காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கடைசியில் நஸீரைக் கூப்பிட்டார்கள்.

நஸீருடைய கராஜ் பாலாவிக்குப் போகிற பெருவீதி ஓரத்தில் இருந்தது. கராஜ் என்று சொன்னால் நாலு தென்னங்குற்றி, மேலே தகரம், பின்னால் அவன் வீடு. வாகனங்களின் கரண்ட் வேலை மட்டும் பார்ப்பான். எண்பது சதவீதம் வேலை எலி கடித்த வயர்தான் என்று சொல்லிச் சிரிப்பான். நல்ல சுபாவம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெற்றரியைக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினான்.

“ஆருக்கு வருத்தம் சாள்ஸண்ணன்? காருக்கா, ஒங்களுக்கா?”

“வருத்தம் காருக்குத்தான் தம்பி. நித்திரை இல்லாதது எனக்கு.”

நஸீர் பொனட்டைத் திறந்தான். கொண்டு வந்த பெற்றரியில் இருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தான். மீற்றரை முனைகளில் வைத்துப் பார்த்தான். கார் ஓடும்போது சார்ஜ் நன்றாக ஏறியது. பெற்றரியும் புதிது.

“ஏறுறதுல பிழை இல்ல. எங்கயோ வடியிது,” என்றான். “லைட், ரேடியோ எல்லாம் நிப்பாட்டித்தானே நிப்பாட்டுற?”

“எல்லாம் நிப்பாட்டித்தான்,” என்றார் சாள்ஸ். அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்ப இதக் கழட்டிக் கொண்டு போய் ராவைக்கு கராஜ்ல வச்சுப் பாக்குறேன். பெற்றரி நல்லதா கெட்டதா எண்டு காலைல தெரியும்.”

பையில் இருந்து சாவிக்குறடை எடுத்துப் பெற்றரி முனையின் நட்டில் வைத்தான். குசினி வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

“பெற்றரியைக் கழட்ட வேண்டாம் தம்பி.”

சாள்ஸின் மனைவி பவுலினா நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. வெங்காயத் தோல் ஒட்டிய கை. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாத மாதிரி இருந்தது குரல். நஸீர் சாள்ஸைப் பார்த்தான். சாள்ஸ் நிலத்தைப் பார்த்தார்.

“அவ சொன்னா விடுங்கோ தம்பி. இங்கயே வச்சுச் செய்யேலாதோ?”

செய்யலாம்தான். மறுநாள் நஸீர் சார்ஜ் போடுகிற பெட்டியைக் கொண்டு வந்து, குசினி யன்னலால் நீட்டு வயர் இழுத்து, பெற்றரியைக் காரிலேயே வைத்துச் சார்ஜ் போட்டான். நிறைந்தது. இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தான். வடிந்திருந்தது. எங்கே வடிகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெற்றரியின் ஒரு பக்கத்து வயரைக் கழற்றி, இடையில் மீற்றரை வைத்தால், கார் உறங்கும்போது எவ்வளவு போகிறது என்று அது சொல்லும்.

“மைனஸ் வயர மட்டும் ஒரு நிமிஷம் கழட்டுறேன் அக்கா. கண்ண மூடித் தொறக்க முன்னம் பூட்டிருவேன்.”

“அதுவும் வேண்டாம் தம்பி. குறை நினையாதேங்கோ.”

நஸீர் குறை நினைத்தான். நினைக்காமல் எப்படி இருப்பது? முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரில் இருந்து உடுத்த உடுப்போடு தோணியில் ஏறி வந்தபோது அவன் சின்னப் பையன். அகதி முகாமில் இருந்த காலத்தில் கடைக்குப் போனால் கடைக்காரரின் கண் பொருளில் இருக்காது, இவன் கையில்தான் இருக்கும். அப்படிப்பட்ட கண்களை அவன் நன்றாக அறிவான். புதுப் பெற்றரியைக் கொண்டு போய்விட்டுப் பழையதைப் பூட்டிவிடுகிற கராஜ்காரர்களும் உலகத்தில் இல்லாமல் இல்லை. அந்தக் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போனான். இத்தனைக்கும் சாள்ஸும் பவுலினாவும் அதே மன்னார்ப் பக்கத்தில் இருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள்தான். அதுதான் அவனுக்குக் கூடுதலாய் நொந்தது.

வீட்டில் மனைவி ரம்ஸியா தையல் மெஷினில் இருந்தாள். மிதியை நிறுத்தாமலே அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன மச்சான், ஒங்கட மொகமும் சார்ஜ் எறங்கின மாதிரி இரிக்கி?”

“கழட்ட வேணாமாம். ஒரு நிமிஷத்துக்கும் வேணாமாம். என்னக் கள்ளன் எண்டு நெனைக்கிறாங்க.”

“அப்புடிச் செல்லினாங்களா?”

“செல்லல்ல.”

“அவங்க செல்லாததயெல்லாம் நீங்க ஏன் செல்லுறீங்க?” என்று நூலைப் பல்லால் அறுத்தாள் ரம்ஸியா. “புள்ளத்தாச்சி இரிக்கிற ஊடு. போய் வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வாங்க. கோவத்த பொறகு படலாம்.”

மூன்றாம் தடவை அவன் போனது ஒரு பின்னேரம். வயரைக் கழற்றாமல் என்ன செய்யலாமோ அதையெல்லாம் செய்தான். பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஹோர்ன், வைப்பர், ரேடியோ, உள் லைட். ஒன்றிலும் கசிவு இல்லை. முன் ஆசனத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்து டாஷ்போர்டின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தென்னைகளுக்கு அப்பால் மின்சாரக் காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. எங்கோ தூரத்தில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இனி எழும்புவோம் என்று கையை வெளியே எடுத்தவன், புறங்கையைப் பார்த்தான்.

கை சிவந்திருந்தது.

காயமோ என்று முதலில் திடுக்கிட்டான். காயமில்லை. வெளிச்சம். மேலே டாஷ்போர்டில் ஒரு சாண் உயரத்தில் அன்னம்மாள் சுரூபம் நின்றது, பக்கத்தில் சிறு பிள்ளையாய் மகள் மரியாள். காலடியில் கட்டைவிரல் அளவு ஒரு சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம். அதைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கத்து வாகனங்களில் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஒருவர் அன்னம்மாளை வைப்பார், ஒருவர் புத்தரை வைப்பார், இவன் தன் மோட்டார் சைக்கிளில் பிஸ்மில்லாஹ் ஒட்டியிருக்கிறான். வெயில் நேரத்தில் அந்தக் கிண்ணம் வெறும் சிவப்புக் கண்ணாடியாய்த்தான் தெரிந்தது. திறப்புப் போட்டால் எரியும், எடுத்தால் அணையும் வழக்கமான விளக்கு என்று அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இப்போது இருள் கூடுகிற நேரத்தில், திறப்பு அவன் சட்டைப் பையில் கிடக்க, அது எரிந்துகொண்டிருந்தது.

கிண்ணத்துக்குக் கீழே விரலை விட்டான். மெல்லிய வயர் ஒன்று கால்மிதிக்கு அடியால் ஓடி, ஓர் ஓட்டையால் முன்பக்கம் போயிற்று. எழும்பிப் போய்ப் பொனட்டுக்குள் பார்த்தான். வயர் நேரே பெற்றரியின் பிளஸ் முனைக்கு வந்து, பெரிய வயருக்கு அடியில் அடக்கமாய்ச் சுற்றியிருந்தது. பியூஸ் இல்லை. சுவிட்ச் இல்லை. அணைக்கிற எண்ணமே இல்லாத ஒருவர் பூட்டியது.

அதைச் சொல்ல வாயெடுத்தபோது பவுலினா இஞ்சி போட்ட பிளேன்டீயோடு வந்தாள். கோப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, கார்க் கதவால் குனிந்து, அந்தக் கிண்ணத்தில் இரண்டு விரலை வைத்து நெற்றியில் தொட்டுக்கொண்டாள். அவனைக் கவனிக்கவே இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவ்வளவு பழக்கமாய்ச் செய்துவிட்டு உள்ளே போனாள். நஸீர் வாயை மூடிக்கொண்டான்.

மதுசா மெல்ல நடந்து வந்து முன் ஆசனத்தில் அமர்ந்தாள். அந்த இடத்தில்தான் கடற்காற்று படுமாம்.

“அண்ணன், கார் சரிவருமே?”

“வரும் தங்கச்சி.” அவன் கிண்ணத்தைக் காட்டினான். “இது ஆரு பூட்டின?”

“இவர்தான். எங்கட வீட்டுக்காரர்.” மதுசாவின் புருஷன் கஜமுகன் மின்நிலையத்தில் வேலை. “அம்மா சொல்லிப் பூட்டினவர். அவர் சைவம், அன்னம்மாளும் எங்கட அம்மன்தானே எண்டு சொல்லிப்போட்டுப் பூட்டினார். ஏன் எதுக்கு எண்டு நான் சொல்லக்கூடாது அண்ணன். நேர்த்தி நிறைவேற முன்னம் வாயால சொன்னாப் பலிக்காதாம். அம்மாட வழக்கம். அது அணையக்கூடாது. அவ்வளவுதான் சொல்லுவன்.” வயிற்றில் கை வைத்துச் சிரித்தாள். “மிச்சம் இதைப் பார்த்தாத் தெரியும்தானே.”

தெரிந்தது. பெற்றரியைக் கழற்ற வேண்டாம் என்றது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. கழற்றினால் விளக்கு அணைந்துவிடும். கள்ளனும் இல்லை, சந்தேகமும் இல்லை. காரணத்தைச் சொல்ல அந்தத் தாய்க்கு வாய் இல்லை, அவ்வளவுதான். நஸீருக்கு நெஞ்சு இளகிப் போயிற்று. கூடவே ஒரு பயமும் வந்தது. இதை எப்படிச் சொல்வது?

அன்று அவன் சாள்ஸிடம் காரை ஸ்டார்ட் செய்து கொடுத்து, ஒரு மணித்தியாலம் ஓடவிடச் சொன்னான். “இண்டைக்கு ராவைக்கு இது எழும்பும். நான் பொறுப்பு. நாளைக்கு வாறேன்.” என்ன பிழை என்று சாள்ஸ் கேட்டதற்கு, காலையில் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தான்.

சோறு போட்டுக் கொடுத்த ரம்ஸியா, அவன் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தாள்.

“கண்டு பிடிச்சிட்டீங்க போல.”

“கண்டு பிடிச்சிட்டேன்.” எல்லாவற்றையும் சொன்னான். அந்தச் சிவந்த கை, மெல்லிய வயர், பவுலினாவின் இரண்டு விரல், எல்லாம்.

“அப்ப அங்கயே செல்லிட்டு வந்திரிக்கலாமே.”

“என்னெண்டு செல்லுற? ஒங்கட அன்னம்மாதான் பெற்றரியக் குடிக்கிறா எண்டா? மகளுக்காக ஏத்தின வெளக்குத்தான் மகள்ட வழிய மறிக்குது எண்டா? நான் வேற சமயத்து ஆள். என்ட வாயால அது வந்தா எப்புடி இரிக்கும்?”

“செல்லாட்டி எப்புடி இரிக்கும்? நாளண்டைக்கு அந்தப் புள்ளைக்கு வலி வந்து, கார் ‘டிக்’ எண்டு நிண்டா?”

நஸீர் சோற்றுப் பீங்கானைச் சற்றுத் தள்ளி வைத்தான்.

“நேர்த்திக்கு நிய்யத்து வச்ச வெளக்க அணைக்கச் செல்லி நீங்க கேக்கவே கூடாது,” என்றாள் ரம்ஸியா, இப்போது குரலைத் தணித்து. “அந்தப் பாவம் நமக்கு வேணாம். ஆனா அது ஏன் காரோட ஒரு பீங்கான்ல சாப்புடோணும்? தனிப் பீங்கான் வச்சுக் குடுங்களே.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் மீன் ஆணத்தை அவன் பீங்கானில் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.

காலையில் நஸீர் முதலில் செய்த வேலை, தன் மோட்டார் சைக்கிளின் பெற்றரியைக் கழற்றியது. சின்னப் பெற்றரி, ஒரு பாண் துண்டளவு. உதைத்து ஸ்டார்ட் செய்கிற வண்டிக்கு அது இல்லாமலும் ஓடும். ஹோர்ன் மட்டும் அடிக்காது. வழி நெடுக நாய்க்கும் கோழிக்கும் “ஓரம், ஓரம்” என்று வாயால் கத்திக்கொண்டே மாம்புரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

மூன்று பேரும் காரடியில் நின்றார்கள். சாள்ஸ் கையில் மண்வெட்டியோடு, மதுசா இடுப்பைப் பிடித்தபடி, பவுலினா சற்றுத் தள்ளி.

“அக்கா,” என்று தொடங்கினான் நஸீர். “ஒங்கட நேர்த்தி என்னெண்டு நான் கேக்கல்ல. நீங்க செல்லவும் வேணாம். இந்த வெளக்கு எங்கயிரிந்து சாப்புடுது எண்டு மட்டும் காட்டுறேன்.”

வயரைக் காட்டினான். கிண்ணத்தில் இருந்து பெற்றரி வரைக்கும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தான். சாள்ஸுக்கு நம்ப முடியவில்லை.

“என்ன கதை கதைக்கிறீர் தம்பி? இந்தச் சின்ன பல்பு, இவ்வளவு பெரிய பெற்றரியை? நுளம்பு மாட்டைக் குடிச்ச கதை.”

“ஒரு நுளம்புதான் அண்ணன். ஆனா ராவும் பகலும் விடாமக் குடிக்குது.”

“இது எரியத் துவங்கி எத்தினை மாசம்? முந்தி ஒரு கரைச்சலும் இல்லையே.”

“முந்தி நீங்க நாளெல்லாம் ஓடினீங்க. வெளக்குக் குடிச்சதப் போல பத்து மடங்கு அண்டண்டைக்கே ஏறிச்சு. தங்கச்சி வந்த பொறகு காரத் தயாரா நிப்பாட்டி வச்சீங்க. நிக்கிற கார்ல ஏற வழியில்ல. எறங்குறது மட்டும்தான்.”

சாள்ஸ் மண்வெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். வீதியைப் பார்க்க மூக்கைத் திருப்பி, துடைத்துத் துடைத்து நிறுத்தி வைத்த காரை ஒருமுறை பார்த்தார்.

பவுலினா அந்த வயர் போன வழியைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தாள்.

“அப்ப நானோ தம்பி?” என்றாள் கடைசியில். “நானோ என்ர பிள்ளைக்கு வழியை மறிச்சுக்கொண்டு நிண்டனான்?”

“இல்லக்கா, அப்புடியில்ல…”

அவன் சொல்லி முடிக்கவில்லை. அவள் அவனைக் கடந்து போய்ப் பொனட்டுக்குள் குனிந்தாள். மெல்லிய வயரைக் கையில் பிடித்துவிட்டாள். அறுத்து எடுக்கப் போகிறாள் என்பது தெரிந்தது. “அம்மா,” என்றாள் மதுசா. பவுலினா திரும்பவில்லை.

“பிள்ளைதான் முக்கியம். நேர்த்தி முறிஞ்ச தோஷம் என்னோட போகட்டும். அன்னம்மாளும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே. அவவிட்ட நான் போய்ச் சொல்லிக்கொள்ளுறன்.”

வயரைப் பிடித்த அவள் கைக்குக் குறுக்கே, தொடாமல், நஸீர் தன் கையை நீட்டினான்.

“அவசரப்படாதீங்க அக்கா. அணைக்கிறதெண்டா நான் நேத்தே செல்லிரிப்பேன். அணைக்காமச் செய்யத்தான் நேத்துச் செல்லாமப் போனேன். அந்த வயர விடுங்க. விட்டுட்டு அங்கால வந்து வெளக்க மட்டும் பாத்துக்கொண்டு நில்லுங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, வயரை விட்டாள்.

நஸீர் சின்னப் பெற்றரியை முன் ஆசனத்துக்கு அடியில் வைத்து ரப்பர்ப் பட்டியால் கட்டினான். பையில் இருந்து ஒரு புது பல்பை எடுத்தான். மிளகாய் விதையளவு வெள்ளை எல்ஈடி. பழைய பல்ப் ஒரு நாளில் குடிப்பதை இது இரண்டு கிழமைக்கும் வைத்துக் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வயரைப் பூட்டினான். சின்னப் பெற்றரியில் அது பளிச்சென்று எரிந்தது. எரிகிற பல்பை இரண்டு விரலால் பிடித்து, சிவப்புக் கிண்ணத்தை ஒரு நூல் இடைக்குத் தூக்கி, பழைய பல்புக்குப் பக்கத்தில் உள்ளே விட்டான்.

கிண்ணத்துக்குள் இரண்டும் சேர்ந்து எரிந்தன. பகல் வெளிச்சத்திலேயே அன்னம்மாளின் பாதம் சிவந்து தெரிந்தது.

“இனிப் பழச எடுக்கப் போறேன்,” என்றான் நஸீர். “ஆனா ஒண்டு. இது அதே வெளக்குத்தானா, வேற வெளக்கா? அத செல்ல எனக்குத் தெரியாது. நீங்கதான் அக்கா செல்லோணும். நீங்க இல்லையெண்டா நான் எடுக்க மாட்டேன், வேற வழி பாப்பேன்.”

பவுலினா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாள்ஸுக்குக் கால் மாற்றி நிற்கவும் பயமாய் இருந்தது.

“உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவு கோயில்ல லைட்டெல்லாம் அணைச்சுப்போடுவினம் தம்பி,” என்றாள் அவள். “பிறகு ஒரு பெரிய மெழுகுதிரியை மட்டும் கொளுத்திக்கொண்டு வருவார் சுவாமியார். அதில இருந்து ஒருத்தர் கொளுத்துவார், அவரிட்ட இருந்து மற்றவர். கடைசி வாங்கில நிக்கிற ஆள்ட திரிக்கும் அதே நெருப்புத்தான் எண்டு சொல்லுவினம்.” கிண்ணத்தைக் காட்டினாள். “எடுங்கோ. அதுதான் இது.”

நஸீர் பழைய பல்பைக் கழற்றி எடுத்தான். கிண்ணம் ஒரு கணமும் இருளவில்லை. பிறகு பொனட்டுக்குள் போய் அந்த மெல்லிய வயரைப் பெற்றரியில் இருந்து அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டான்.

“இப்ப பெற்றரியைக் கழட்டுங்கோ தம்பி,” என்றாள் பவுலினா. “எங்க வேணுமெண்டாலும் கொண்டு போங்கோ. எத்தினை நாளெண்டாலும் வச்சிருங்கோ.”

“இப்ப தேவல்லயே அக்கா,” என்றான் நஸீர். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மதுசாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பவுலினா சிரிக்கவில்லை, ஆனால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவனுக்கு முட்டை பொரித்தாள்.

அந்த நாளில் இருந்து கார் நிற்கச் சொன்னபோது நின்றது, எழும்பச் சொன்னபோது எழும்பியது. சின்னப் பெற்றரிக்கு நஸீர் இடைக்கிடை வந்து, விளக்கு எரிய எரியவே சார்ஜ் போட்டுவிட்டுப் போனான். அவனுடைய மோட்டார் சைக்கிள் ஊமையாய் ஓடியது. கடைத்தெருவில் பையன்கள் அவனைக் கண்டால் தங்கள் வாயாலே ‘பீப் பீப்’ என்றார்கள். புதுப் பெற்றரி ஒன்று வாங்கிப் போடலாமே என்று ரம்ஸியாவிடம் யாரோ கேட்டதற்கு, “அவருக்கு இப்ப தொண்ட நல்லா தொறந்திரிக்கி, இரிக்கட்டும்,” என்றாளாம்.

ஒரு நாள் முற்பகல். நஸீர் ஒரு லொறிக்கு அடியில் இருந்து வெளியே வருகிறான், பெருவீதியில் வெள்ளைக் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு புத்தளம் பக்கமாய்ப் போகிறது. சாள்ஸ் முன்னே குனிந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் தாயும் மகளும். முன் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு. கண்ணில் பட்டதும் மறைந்துவிட்டது. நஸீர் கையில் இருந்த குறடை அப்படியே பிடித்தபடி வீதி ஓரத்தில் நின்றான். எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றான், அது தூரத்தில் தேய்ந்து போகும் வரைக்கும். அன்று அவன் வேறு வேலை எதையும் ஒழுங்காய்ச் செய்யவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது.

“தம்பி,” என்றார் சாள்ஸ். “ஒரு திருப்புத்தான் தம்பி. ஒரே ஒரு திருப்பு.”

“அது கெடக்கட்டும் அண்ணன். புள்ள?”

“பொம்பிளப் பிள்ளை. கத்துறாள் தம்பி. ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குது. தாயும் சுகம்.”

நஸீர் போனைக் காதில் வைத்தபடியே ரம்ஸியாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். “அல்ஹம்துலில்லாஹ்,” என்று தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்தாள் அவள்.

பிள்ளைக்குத் துடக்குக் கழிந்து, கொஞ்சம் உடம்பு பிடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. எல்லோரும் வந்திருந்தார்கள். கஜமுகனும் வந்திருந்தான், நெற்றியில் திருநீறும் சட்டைப் பையில் தலவில் கோயில் படமுமாக. கோயிலில் இருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார்கள்.

“இப்ப சொல்லலாம் தம்பி,” என்றாள் பவுலினா. காரில் இருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்கினாள். இத்தனை மாதம் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தவள் அல்லவா? “இந்தப் பிள்ளையின்ர பாதம் தலவில் கோயில் நிலத்தில படும் வரைக்கும் மதுசா போற வாகனத்தில விளக்கு அணையாது எண்டு நேர்ந்தனான். முந்தி வழியிலயே போன பிள்ளைக்காகத்தான் வழியில விளக்கு வச்சனான். இண்டைக்கு நிலத்தில வச்சு எடுத்தம். குளிர்ந்த நிலம், காலை இழுத்துக்கொண்டாள்.”

நஸீர் ஆசனத்துக்கு அடியில் இருந்த பெற்றரியைப் பார்த்தான். “அப்ப நிப்பாட்டலாமா அக்கா?”

“நீங்களே நிப்பாட்டுங்கோ. ஏத்தி வச்ச கை உங்கடதானே.”

அவன் குனிந்தான். வயரைப் பிடித்தான். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தான். “ரம்ஸியா, நீ வந்து எடேன்,” என்றான்.

“நல்ல மனிசன்,” என்று ரம்ஸியா வந்தாள். மடியில் இருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு, மெதுவாக, உறங்குகிற பிள்ளையின் கையில் இருந்து விளையாட்டுப் பொருளை எடுக்கிற மாதிரி வயரை இழுத்தாள். கிண்ணம் வெறும் கண்ணாடியாயிற்று. பவுலினா சிலுவை அடையாளம் போட்டாள். ரம்ஸியா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். கோயில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

நஸீர் பெற்றரியைத் தன் மோட்டார் சைக்கிளில் பூட்டினான். நட்டை இறுக்கிவிட்டு, இத்தனை நாள் ஊமையாய்க் கிடந்த ஹோர்னை ஒருக்கால் அமுக்கிப் பார்த்தான். அது இடி இடித்த மாதிரி அலறியது. பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு, அதைவிடப் பெரிய சத்தத்தில் வீரிட்டது.

“ஒங்களுக்கு அறிவு இரிக்கா மச்சான்?” என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள் ரம்ஸியா.

“இவளுக்கும் சார்ஜ் நல்லா இரிக்கி,” என்றான் நஸீர்.